கணக்கு சரி, விடை தவறு

நாடி பார்த்து உடற்பயிற்சி செய்பவரா நீங்கள்? அப்படியானால் 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வருவது, ஒரு நிமிடத்தில் உங்கள் இருதயம் துடிக்கக்கூடிய உச்ச அளவாம். அதை நம்பி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர். வயது 60. மகன் வாங்கித் தந்த, நாடி காட்டும் கைக்கடிகாரத்தோடு ஒருநாள் பள்ளிக்கு வந்தார். "வாத்தியாரே, எனக்கு எவ்வளவுன்னு கணக்குப் போட்டுக் குடுங்க" என்றார். கணக்குத்தானே! 220-இல் 60 போக 160. அதில் நூற்றுக்கு எழுபது 112. "இது வரும்வரை வேகமாக நடங்கள் அண்ணே" என்று தாளில் எழுதியே கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பள்ளித் திடலைச் சுற்றினார். கடிகாரம் 90-ஐத் தாண்டவில்லை. இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று போனவர், தலைசுற்றிக் கோல் கம்பத்தைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன்: "மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா?" இரத்த அழுத்தத்திற்கு அட்டெனலால் சாப்பிடுகிறாராம். அந்த வகை மாத்திரை இருதயத் துடிப்பையே அடக்கி வைக்கும். எவ்வளவு விரைந்தாலும் நாடி அவ்வளவாக ஏறாது. என் 112 அவருக்குப் பொருந்தவே பொருந்தாது.

அந்த 220-இன் பிறப்பும் அப்படித்தான். 1970-களின் தொடக்கத்தில் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள், பத்துப் பதினொரு ஆய்வுகளின் அளவுகளை வரைபடத்தில் வைத்துக் கண்மதிப்பில் இழுத்த கோடு அது. 2001-இல் தனாக்கா குழுவினர், வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்கச் சொன்னார்கள். 40 வயதில் இரண்டிலும் 180-தான்; 60 வயதிலோ புதியதில் 166. எதைப் போட்டாலும், ஒரே வயதுடைய இருவருக்குள் பத்து, இருபது துடிப்பு வேறுபடுவது சாதாரணம். சராசரியைத்தான் சூத்திரம் சொல்லும். அந்தச் சராசரி ஆள் எந்த லயத்தில் குடியிருக்கிறார்?

கடிகாரம் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடியவேண்டும்; பாட முடியக்கூடாது. அதுவே மிதமான வேகம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நின்றுவிடுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வேகத்தைக் கூட்டுங்கள். நாடி ஏறவில்லையே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது பெரிய ஆபத்து.

அண்ணன் கிளினிக்குப் போய்க் கேட்டு வந்தார். இப்போது அண்ணியோடு நடக்கிறார். பேச்சுக்குக் குறைவில்லை. நான் எழுதிக் கொடுத்த தாளை மட்டும் திருப்பி வாங்கிக் கிழித்துப் போட்டேன்.