பவளமில்லாத பவளத் தொட்டி

கடலை வீட்டிற்குள் கொண்டுவர வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்குப் புதிதன்று. ஆயினும், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே, எந்தத் திசையில் ஒரு நாள் முழுதும் நடந்தாலும் அலையோசை கேளாத இந்தப் பெங்களூரில் அந்த ஆசை வேரூன்றி வருவது வியப்பிற்குரியது. தங்கமீனும் கப்பியும் நீந்தும் நன்னீர்த் தொட்டியோடு நிறைவடைந்த காலம் போய்விட்டது. உப்பு நீரும் பாறையும் பவளமும் நிறைந்த தொட்டியைத் தம் கையாலேயே அமைக்க முற்படும் மாணவர் பலரை நான் அறிவேன். நானும் அவர்களுள் ஒருவன். இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து படிப்பின் பொருட்டு இங்கு வந்து, வாடகை அறையில் வாழும் எனக்கு, மேசைமேல் நூறு லிட்டர் கடல் இருப்பது ஓர் ஆறுதல்.

இந்தக் கலை வளரட்டும். நம் மாணவரிடையே பெருகட்டும். ஆனால் அத்தொட்டியில் கடலிலிருந்து பறித்த பவளம் ஒரு துண்டும் இருத்தலாகாது. இதுவே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். பிறகு, பவளமின்றியும் அதை எப்படி அமைப்பது என்றும் சொல்கிறேன்.

பவளம் என்றதும் நவமணிகளுள் ஒன்றான செம்மணி நம் நினைவிற்கு வரும். அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் கிடைக்கும் வேறோர் இனம். நான் பேசுவது, நம் மீனவர் 'பார்' என்று அழைக்கும் கடலடிப் பாறையைக் கட்டும் பவளம். அது கல்லுமன்று, செடியுமன்று, உயிருள்ள விலங்கு. பல இனங்களில் ஒவ்வோர் உயிரும் சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். அதன் உடலுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. பாசி கதிரொளியில் உணவு சமைத்துப் பவளத்திற்கு ஊட்டுகிறது. பவளம் பாசிக்கு வீடு தருகிறது. நீரின் சூடு அளவு மீறி நீடித்தால் இந்தக் கூட்டு முறிகிறது. பாசி வெளியேற, பவளம் எலும்பு போல் வெளுத்து, பசியால் மடிகிறது. ஆண்டிற்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் இனங்களும் உண்டு. ஒரு மாணவன் முதல் வகுப்பில் சேர்ந்து முதுகலை முடிப்பதற்குள் அது ஒரு சாண்கூட உயர்ந்திராது. அதைப் பறிக்கவோ ஒரு நொடியும் ஓர் உளியும் போதும்.

அப்படிப் பறித்தவர் நாமேதாம். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர்களில் இன்றும் பவளக் கற்களைக் காணலாம். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர் அந்தக் கல்லின் துளைகளை உணர்ந்திருப்பர். வீட்டிற்குக் கல் எடுத்த காலம் போய், சுண்ணாம்பிற்கும் தொழிற்சாலைக்கும் தோணி தோணியாக வெட்டி எடுத்த காலம் வந்தது. தூத்துக்குடிக் கரையில் பல்லாண்டுகள் நடந்த இந்த வெட்டு, 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரே ஓய்ந்தது. அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருள் அமிழ்ந்துவிட்டன. பார் இருந்தால் அலையின் வேகம் தணியும். பார் போனால் தீவும் போகும். தீவு போனால் அலை நேரே கரையில் மோதும். இது பாடப்புத்தகச் செய்தியன்று. எங்கள் மாவட்டத்தின் வரலாறு.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தனர். 1989இல் அவ்வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள் அனைத்தையும் 2001இல் சேர்த்தனர். புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை அது. கடற்குதிரையும் கடல்விசிறியும் அக்காலத்திலேயே சட்டத்தின் காப்பிற்குள் வந்தன. 2022இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னும் பவளம் முதல் அட்டவணையிலேயே உள்ளது. இதை மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. வீட்டில் புலிக்குட்டி வளர்க்க எண்ணாத நாம், பவளத்தை மட்டும் கண்ணாடிக்குள் வைத்து நண்பரை அழைத்துக் காட்டலாம் என்று எண்ணுவது எவ்வாறு பொருந்தும்?

சட்டம் இருக்கிறது, சந்தையும் இருக்கிறது. இந்நகரில் மீன் விற்கும் கடையொன்றில், நான் தமிழன் என்று அறிந்ததும் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "உள்ளே வாங்க தம்பி, உங்க ஊர்ச் சரக்கே இருக்கு" என்றார். உள்ளறைத் தொட்டியில் கைப்பிடியளவு பவளத் துண்டுகள் வரிசையாக இருந்தன. "யாரும் கேட்கமாட்டாங்க" என்றும் சொன்னார். அது உண்மையில் எங்கள் ஊர்ச் சரக்கா, கடல் கடந்து வந்ததா என்று யார் சொல்வது? பவளம் தன் ஊரைச் சொல்லாது. விற்பவரிடம் சான்றுத்தாளும் இல்லை. வாங்குபவன் கேட்காதவரை விற்பவன் சொல்லப்போவதில்லை.

"நான் ஒருவன் ஒரு துண்டு எடுத்தால் கடல் வற்றிவிடுமா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு வரலாறு விடை சொல்கிறது. 1846இல் ஆனா தைன் என்னும் ஆங்கில மாது, டார்க்கி கடற்கரையிலிருந்து பவளங்களைக் கொண்டுவந்து இலண்டன் வீட்டில் வளர்த்தார். பம்ப் இல்லாத காலம். பணிப்பெண் ஒருத்தி திறந்த சன்னலருகே நின்று, அந்நீரைப் பாத்திரம் மாற்றி ஊற்றிக் காற்றுக் கலந்தாள். பின்னர் 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய 'தி அக்வேரியம்' என்னும் நூல் நாட்டையே பித்துப் பிடிக்கச் செய்தது. வலையும் வாளியுமாக மக்கள் கடற்கரைக்குப் புறப்பட்டனர். ஒவ்வொருவரும் எடுத்தது சிறிதுதான். ஆனால் அவருடைய மகன் எட்மண்ட் காஸ், 1907இல் வெளியிட்ட தன் வரலாற்று நூலில், தந்தை காட்டிய அந்தப் பாறைக் குளங்கள் சேகரிப்போரால் வெறுமையாயின என்று வருந்தி எழுத நேர்ந்தது. கடலை நேசிக்கக் கற்றுக்கொடுத்த நூலே கடற்கரை சூறையாடப்படக் காரணமாயிற்று. அங்கே நடந்தது இங்கே நடவாது என்று யார் உறுதி சொல்ல முடியும்?

அப்படியானால் தொட்டியே வேண்டாமா? வேண்டும். படிப்பவர் அஞ்சவேண்டிய அளவு அரிய வேலையன்று, பொறுமைதான் வேண்டும்.

முதலில் இடம். நூறு லிட்டர்த் தொட்டி நீரோடும் பாறையோடும் 130 கிலோவிற்கு மேல் கனக்கும். ஆகவே படிக்கும் மேசையை நம்பவேண்டாம்; சுவரோரம் உறுதியான தாங்கி அமையுங்கள். வீட்டுக்காரரிடம் முன்னரே ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் நல்லது.

அடுத்தது பாறை. கடற்பாறையை விலைக்கு வாங்காதீர்கள். கோழித் தீவனத்திற்கு விற்கும் கிளிஞ்சல் தூளோடு சிமென்டும் கல்லுப்பும் கலந்து, ஈர மணலில் குழி செய்து வார்த்தால் பாறை ஆயிற்று. பின்பு நன்னீரில் ஊறவைத்தால் கல்லுப்பு கரைந்து துளைகள் உண்டாகும். அத்துளைகளே நுண்ணுயிரின் வீடுகள். புதுச் சிமென்டின் காரம் மீனைக் கொல்லும். ஆகவே நீரை அடிக்கடி மாற்றி நாலைந்து வாரம் ஊறவைத்து, கார அளவு இறங்கியதைச் சோதித்த பின்னரே தொட்டியில் வையுங்கள். இதை விளையாட்டென்று எண்ணவேண்டாம். தூத்துக்குடிக்கருகே அலையில் கரைந்துவந்த வான்தீவைக் காக்க, கடலுக்குள்ளேயே கான்கிரீட் பார்களை இறக்கியிருக்கிறார்கள். பெரிய கடலுக்குப் பொருந்திய மருந்து நம் சிறு கடலுக்கும் பொருந்தும்.

மூன்றாவது நீர். சமையலுப்பைக் கரைத்தால் கடல் ஆகாது. ஒரு லிட்டர்க் கடல்நீரில் உள்ள ஏறத்தாழ 35 கிராம் உப்பில் நாலில் மூன்று பங்கே சமையலுப்பு. எஞ்சியது மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் முதலியவை. எனவே கடலுப்புக் கலவையை வாங்கிக் கரைக்கவேண்டும். நூறு லிட்டருக்கு மூன்றரைக் கிலோ. ஹைட்ரோமீட்டர் 1.025 காட்டினால் அளவு சரி. நாள்தோறும் ஆவியாவது நீர்தான், உப்பன்று. ஆதலால் குறைந்த அளவிற்கு நன்னீரே ஊற்றவேண்டும். கரைப்பதற்கு ஆர்.ஓ. நீர் சிறந்தது. ஆனால் ஒரு லிட்டர் தூயநீர் கிடைக்க இரண்டு மூன்று லிட்டர் கழிவாகிறது என்பதை மறவாதீர்கள். 2024 கோடையில் இந்நகரின் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றதை நாம் கண்டோம். நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மேடேற்றிக் கொண்டுவரும் காவிரி நீர் இது. கழிவுநீரைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். நூறு லிட்டருக்கு மேல் பெரிய தொட்டி இந்நகரில் மாணவனுக்குத் தகாது.

நான்காவது காத்திருப்பு. மீனின் கழிவு அம்மோனியாவாகிறது, அது நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அது சிறிதளவில் தீங்கற்றது. இந்த இரு படையும் பாறையில் குடியேற ஒன்றரை மாதமோ, அதற்கு மேலோ ஆகும். அதுவரை வெறும் நீரில் சிறிது மீனுணவை இட்டு, வாரந்தோறும் சோதித்துக்கொண்டிருப்பதே வேலை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியைத் தொட்ட பின்னரே முதல் மீன் வரவேண்டும். வகுப்பில் நான் படித்த நைட்ரஜன் சுழற்சி தேர்வோடு மறந்துபோகக் கூடியது. இந்த ஆறு வாரம் படித்தது மறவாது.

கடைசியில் மீன். இரண்டு கோமாளி மீன்கள் போதும். அவற்றைப் பாரிலிருந்து பிடிக்கவேண்டிய தேவை இன்று இல்லை. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை வகுத்துள்ளன. பண்ணையில் பிறந்த மீனையே கேட்டு வாங்குங்கள். கடற்சாமந்தி இன்றியும் அது நலமாக வாழும். இரு மீன்களுள் பெரியது பெண்ணாகும், சிறியது ஆணாக நிற்கும். முட்டையிட்டால் ஆணே காவல் காக்கும். இதைக் கண்ணால் காண்பது எந்தப் பவளத்தின் நிறத்திற்கும் குறைந்த இன்பமன்று.

இந்நகரின் மிதமான தட்பவெப்பம் நமக்கு ஒரு கொடை. சென்னையில் நீரைக் குளிர்விக்கத் தனிப் பொறி தேவைப்படலாம். இங்கே ஆண்டின் பெரும்பகுதி சன்னலைத் திறந்துவைத்தால் போதும். பவளம் இல்லாததால் விலையுயர்ந்த விளக்கும் வேண்டா. மின்வெட்டிற்கு மின்கலத்தில் ஓடும் காற்று பம்ப் ஒன்று இருந்தால் இரவில் அமைதியாக உறங்கலாம். ஒன்றை மட்டும் உறுதியாகக் கொள்ளுங்கள்: தொட்டியின் உயிர் எதையும் ஏரியிலோ கடலிலோ விடலாகாது.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, பவளமில்லாப் பவளத் தொட்டி எங்கே?" என்று என் அறை நண்பன் கேலி செய்கிறான். கேலியில் பாதி நியாயம் உண்டு. பாரின் பேரழகு என் தொட்டியில் இல்லை. ஆனால் பார் என்பது பவளம் மட்டுமன்று. துளைக்குள் வாழும் நுண்ணுயிரும், மேலே படரும் பாசியும், நீரின் வேதியலும், மீனின் காவலும் சேர்ந்த ஒழுங்கு அது. அந்த ஒழுங்கை இரண்டு டிகிரிச் சூடு எப்படிக் குலைக்கிறது என்று நூறு லிட்டரில் கண்டவனுக்கு, 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடா வெளுத்தது செய்தித்தாளின் மூலைச் செய்தியாக இராது. உலகப் பார்கள் நான்காம் முறையாகப் பெருவெளுப்பிற்கு ஆளாயின என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்களே, அதன் பொருளும் அவனுக்கு விளங்கும்.

பவளத்தைப் பார்க்க வேண்டுமா? அது இருக்கும் இடத்திற்கு நாம் போவோம். தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் உடைந்த பவளக் கிளைகளைக் கான்கிரீட் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்த்து வருகின்றனர். அவர்கள் உரிய அனுமதியோடு கடலுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். கள்ளச் சந்தை கடலிடமிருந்து பறிக்கிறது. விஞ்ஞானம் பயிலும் நாம் எந்தப் பக்கம் நிற்பது என்பதில் ஐயம் இருக்கலாமா?

எனவே நம் மன்றத்தின் முன் இரு வேண்டுகோள்களை வைக்கிறேன். மன்றப் படிப்பறையில் ஒரு தொட்டி அமைப்போம். பாறையை நம் கையால் வார்ப்போம். அதில் கடலிலிருந்து எடுத்த பொருள் ஒன்றும் இல்லை என்று எழுதி ஒட்டுவோம். இரண்டாவது, ஆண்டுதோறும் மலைவாழிடங்களுக்குச் செல்லும் நம் சுற்றுலாவை இம்முறை மண்டபத்திற்கும் தூத்துக்குடிக்கும் திருப்புவோம். நெய்தல் நிலத்தைப் பற்றி மேடையில் மணிக்கணக்கில் பேசும் நாம், அந்நிலத்தின் அடியில் இருப்பதையும் ஒருமுறை கண்டுவரலாமே!