குண்டுக்கு ஒரு செப்புக் கிண்ணி

ஈயம் என்றதும் நமக்கு ஈயச் சொம்பு ரசம்தான் ஞாபகத்துக்கு வரும். அது வெள்ளீயம். ரசத்தை ஊற்றாமல் சொம்பை அடுப்பில் ஏற்றினால் 232 டிகிரியிலேயே உருகி ஓடிவிடும். துப்பாக்கிக் குண்டு வார்ப்பதோ காரீயத்தில். இது 327 டிகிரி வரை தாங்கும். ஆனால் பொல்லாத நஞ்சு. (சொம்பு வாங்கும்போது காரீயக் கலப்பில்லாத சரக்குதானா என்று தயங்காமல் கேளுங்கள்.)

இத்தனை மென்மையான உலோகத்தை வெடிமருந்தின் நெருப்புக்கு முன்னால் நிறுத்தினால் சும்மா இருக்குமா? சூடான வாயு குண்டின் அடியை அரித்துவிடும். ஈயம் குழலுக்குள் அப்பிக்கொள்ளும். அப்புறம் குறி எங்கே கூடும்? ஆகவே, வேகமாகப் பாயும் ரைபிள் குண்டின் அடியில் சின்னஞ்சிறு செப்புக் கிண்ணி ஒன்றை மாட்டுகிறார்கள். 'காஸ் செக்' என்று பெயர். மெதுவாகச் செல்லும் கைத்துப்பாக்கிக் குண்டுக்கு அது வேண்டியதில்லை. ஈயத்தோடு கொஞ்சம் வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்த்துக் கெட்டிப்படுத்தி, மெழுகு தடவினால் போதும்.

"இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்கிறீர்களா? கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டதைப் பார்த்துவிட்டு, மயிலாப்பூர்ப் பெண்ணும் தியாகராயநகர்ப் பெண்ணும் ஏர் ரைபிள் கேட்டு நச்சரிக்கலாமே! தாராளமாக அனுப்புங்கள். 10 மீட்டர் போட்டியில் சுடுவது 4.5 மில்லிமீட்டர் ஈய ரவை. (உப்புமா ரவை அல்ல!) இடை சிறுத்து, பின்புறம் குட்டிப் பாவாடை விரித்தாற்போல் இருக்கும். தள்ளுவது வெறும் காற்று, நெருப்பே கிடையாது. பாவாடை விரிந்து குழலை அடைத்துக்கொள்வதால் செப்புக் கிண்ணிக்கு வேலையில்லை.

சோப்புக்குத்தான் வேலை. ரவையைத் தொட்ட விரலில் ஈயம் ஒட்டியிருக்கும். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் இந்த உலோகத்தில், 'இவ்வளவு போனால் பாதகமில்லை' என்று சொல்லக்கூடிய அளவே இல்லை. பயிற்சி முடிந்ததும் கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் தயிர்சாத டப்பாவைத் திறக்க வேண்டும். ரவையை உதட்டில் இடுக்கிக்கொள்ளும் வழக்கம் கூடவே கூடாது. பயிற்சி உடுப்பைக் கைக்குழந்தையின் துணிகளோடு சேர்த்து நனைக்காதீர்கள்.

வீட்டுப் பிள்ளைகள் யாராவது பழைய பாட்டரி ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்கிறேன் என்று கிளம்பினால், முதலில் அடுப்பை அணையுங்கள். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். அதைவிட, அந்தப் புகையும் சாம்பலும் வீடெங்கும் படியும். உருக்கிய கரண்டியை எத்தனை தேய்த்தாலும் சரி, மறுபடி தாளிக்க எடுக்க வேண்டாம்.