மலைநகரின் முரட்டுப் பாட்டு

கண்டி என்றதும் நம் செவிக்கு முதலில் எட்டுவது மேளவொலியே. தலதா மாளிகையின் பூசை வேளைகளில் பெரயும் தவுலும் முழங்க, ஹொரணை இழைந்தொலிக்கும். 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற இந்நகரம், பழமையைப் போற்றுவதில் யாருக்கும் இளைத்ததன்று.

அத்தகைய ஊரில் 2001ஆம் ஆண்டில் இளைஞர் சிலர் மின்கித்தாரும் கையுமாக ஒரு றொக் இசைக்குழுவைத் தொடங்கினர். பெயர் 'பரனோய்ட் ஏர்த்லிங்'. எதையும் ஐயுறும் மண்ணுலகவாசி என்று பொருள் கொள்ளலாம். குழுவின் குரல் மிர்ஷாத் பக்மன். மேடையும் ஒலிப்பதிவுக் கூடமும் கொழும்பிலேயே குவிந்திருக்கும் இந்நாட்டில், மலைநகரிலிருந்து கொண்டு இவ்வகை இசையைப் பற்றி நிற்பது எளிதன்று.

இவர்கள் கையாளும் 'கிரஞ்ச்' இசைக்குப் 'பங்க்' என்பதைத் தாய்வழிப் பாட்டனார் எனலாம். 1970களின் நடுவில் நியூயோர்க்கிலும் லண்டனிலும் எழுந்த அவ்விசைக்கு மூன்று சுரக்கட்டும் அடங்காச் சினமும் போதுமானவை. நம் வீட்டுப் பெரியோர் கேட்டால் கதவை அடைப்பர். அடைக்கட்டும். ஆயினும் கித்தாரின் ஓசைக்கு அஞ்சும் நாம், 2018 மார்ச்சில் திகனையில் கடைகளும் பள்ளிவாசல்களும் தீப்பற்றியபோது எழுந்த ஓசைக்கு என்ன பெயர் வைத்தோம்?

வடதுருவத்தை அடுத்த பின்லாந்தின் கதை இங்கே நினைக்கத் தக்கது. அங்கே 'பிரியார்ட்' என்னும் குழு 1977இல் வெளியிட்ட முதற் பங்க் இசைத்தட்டு ஆங்கிலத்தில் அமைந்தது. மறு ஆண்டிலேயே பெல்லே மில்யோனா என்பவர் பின்னிய மொழியில் பாடலானார். கோமாளி மில்லியன் என்பது அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரின் பொருள்! அந்நாளில் 50 இலட்சம் மக்கள்கூட இல்லாத அந்நாட்டில், சொந்த மொழியில் பாடியதனாலன்றோ அவ்விசை பின்லாந்து மக்களுக்கே உரியதாயிற்று.

நமக்கும் இது புதிதன்று. 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடலைப் பேச்சுத் தமிழிலேயே அமைத்தார். இலக்கணம் பயின்றோர் முகஞ்சுளித்திருக்கலாம். பாட்டோ கல்யாண வீடுகளில் இன்றும் ஒலிக்கிறது.

கண்டிக் குழுவினரோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடினர். இதனைக் குறையென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 2001இல் போர் ஓயவில்லை. மொழியே சண்டைக்குக் காரணமாயிருந்த நாட்டில், ஆங்கிலம் எவர்க்கும் சொந்தமில்லாத பொதுமுற்றம் போல அமைந்தது போலும். எனினும் அம்முற்றம் சிறியது. பேராதனை மாணவருக்கு எட்டும் சொல், கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் மரக்கறி விற்பவருக்கு எட்டாது. அவருக்கும் சினமுண்டு, அதையும் எவரேனும் பாடவேண்டுமல்லவா?

மிர்ஷாத் பக்மன் சிங்களத்திலோ தமிழிலோ அப்படியொரு பாட்டை எடுத்துவிட்டால், நாம் முதல் வரிசையில் இடம் பிடிப்போம், காதில் சிறிது பஞ்சு வைத்துக்கொண்டாயினும்.