ஆளைப் பார்க்கிறார்கள், பத்திரத்தைப் பார்ப்பதில்லை!

திருவல்லிக்கேணியிலும் ராயப்பேட்டையிலும் பழைய ஃபிளாட் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "பக்கத்து வீட்ல யாரு இருக்காங்க?" என்பதுதான்.

புரோக்கரும் அதற்குத் தயாராகத்தான் வருகிறார். "எல்லாம் நல்ல ஃபேமிலி சார். மேல் மாடியில மட்டும் ஒரு பாய் வீடு. எதிர்ல ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், கிறிஸ்டியன். ஒரு தொந்தரவும் கிடையாது!" என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார். கேட்பவரின் முகம் மலர்வதும் சுருங்குவதும் அந்தப் பட்டியலைப் பொறுத்தே இருக்கிறது.

பத்திரத்தில் மண் எத்தனை சதுர அடி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை!

ஊரைப் பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் ஒரு விஷயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பார்த்தசாரதி கோவில் உள்ள திருவல்லிக்கேணியில்தான் 1795ல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசலும் இருக்கிறது. ரம்ஜான் மாதம் அங்கே நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு, மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தித் தொண்டர்கள் பல ஆண்டுகளாக உணவு கொண்டு வந்து பரிமாறுகிறார்கள். அதுவும் சைவச் சாப்பாடு! 'வெஜிடேரியன் ஒன்லி' என்று கேட்டில் போர்டு மாட்டுகிறவர்கள் ஒரு நாள் மாலை அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம்.

ஆகவே பழைய ஃபிளாட் வாங்குபவருக்கு ஆபத்து எதிர்வீட்டிலிருந்து வருவதில்லை. பத்திரத்திலிருந்தும், சுவருக்குள் இருக்கும் கம்பியிலிருந்தும்தான் வருகிறது.

முதலில் மண் கணக்கு. கட்டிடத்துக்கு வயது ஏற ஏற அதன் மதிப்பு தேயும். நிற்பது நிலம் மட்டுமே. அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிபடாத பாகத்தைத்தான் 'யு.டி.எஸ்.' என்கிறார்கள். 2 கிரவுண்டு மனை என்றால் 4,800 சதுர அடி. அதில் ஒரே அளவில் 8 வீடு இருந்தால் தலைக்கு 600 சதுர அடி வர வேண்டும். பத்திரத்தில் 450 என்று இருந்தால்? 8 வீட்டுக்கும் சேர்த்து 3,600தான் ஆச்சு. மீதி அரை கிரவுண்டு யார் பெயரில் இருக்கிறது? பழைய மனைக்காரர் பெயரிலா, கட்டிக் கொடுத்தவர் பெயரிலா? பல இடங்களில் குடியிருப்பவர்களுக்கே இது தெரியாது. வாங்குகிறவர் தனக்கு உள்ள பாகத்தை மட்டும் பார்த்தால் போதாது. எல்லா வீட்டுப் பாகத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டல் தெரிந்த குமாஸ்தாவுக்கு இது பத்து நிமிஷ வேலை.

இன்னொரு சிக்கல், பழைய ஃபிளாட்டுக்கே உரியது. அந்தக் காலத்தில் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவானது பெரும்பாலும் மண்ணின் பாகம் மட்டும்தான். வீட்டுக்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம், அதுவும் பதிவு செய்யாமல், ஸ்டாம்பு பேப்பரில் எழுதிக் கைமாறியது. 'இரண்டாவது மாடி, வடக்குப் பக்க வீடு' என்பது அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கும். அது காணாமல் போயிருந்தால், மண்ணில் பங்கு உண்டு, எந்த வீடு என்பதற்கு எழுத்து இல்லை என்றாகிவிடும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், முப்பது வருஷமா இருக்காங்க" என்று சொல்வார்கள். இருப்பவருக்கு ஒன்றும் ஆகாதுதான். கடனுக்கு வங்கிப் படி ஏறும்போது வாங்குபவருக்குத்தான் ஆகும்!

வில்லங்கச் சான்று வாங்கிவிட்டோம், இனி கவலை இல்லை என்று நினைப்பதும் தவறு. பதிவானது மட்டும்தான் அதில் வரும். பழைய நாளில் அசல் பத்திரத்தைக் கொடுத்து வைத்துக் கடன் வாங்கியிருந்து, அதைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் வில்லங்கத்தில் ஒரு வரி கூட இருக்காது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஜெராக்சை ஒதுக்கிவிட்டு அசல் எங்கே, தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்கிறார்கள்.

மேல் மாடி என்றால் இன்னும் உஷார் வேண்டும். பிளானில் இரண்டு மாடி இருக்கும், தெருவில் நின்று எண்ணினால் மூன்று வரும். அனுமதி இல்லாமல் எழுந்த அந்த மாடிக்கு மண்ணில் பங்கும் பெரும்பாலும் இருக்காது. இப்படிக் கட்டியதை வரன்முறைப்படுத்த அரசு கொண்டு வந்த திட்டம் கூட 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றுக்குத்தான். விண்ணப்பம் போட்டோம் என்ற ரசீதை அனுமதி என்று நம்பி ஏமாறக் கூடாது.

அடுத்தது கம்பி. கடற்காற்று படும் பேட்டைகளில் உப்பு இரும்பைத் தின்கிறது. துரு ஏறினால் கம்பி பருக்கும், பருத்தால் காரை பெயரும். விற்கிறவர் பெயிண்ட் அடித்து மறைப்பது வீட்டுக்குள் மட்டும்தான். மாடிப்படியின் அடிப்பக்கம், பால்கனியின் அடிப்பக்கம், மொட்டை மாடித் தொட்டியின் கால்கள் இவற்றுக்கு யாரும் பவுடர் பூசுவதில்லை. அங்கே போய்ப் பார்க்க வேண்டும். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் அரசு அடுக்குமாடியில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி இடிந்து விழுந்தது. விரிசல் கண்டு ஜனங்கள் முன்னதாகவே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அந்தக் கட்டிடம் எழுந்தது 1993ல்! அதற்காகப் புதுசு எல்லாம் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. 2014 ஜூன் 28ல் மவுலிவாக்கத்தில் சரிந்தது கட்டி முடியாத 11 மாடி. பலியானவர்கள் 61 பேர். வயதைப் பார்த்துப் பயந்து பலன் இல்லை. கட்டிட இன்ஜினீயர் ஒருவரை அழைத்துப் போய்க் காட்டினால் விஷயம் தெரிந்துவிடும். ஆனால் புரோக்கருக்கு மறுபேச்சில்லாமல் கமிஷன் கொடுப்பவர்கள், இன்ஜினீயர் பீஸ் என்றால் தலையைச் சொறிகிறார்கள்.

இனி அசோசியேஷன் வாத்தியார்களுக்கு வருவோம். "நம்மவங்களுக்குத்தான் விக்கணும்" என்று சில இடங்களில் வாய்மொழிச் சட்டம் வைத்திருக்கிறார்கள். 2005ல் குஜராத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சங்க விதியை ஏற்றுக்கொண்டதே என்று வக்கீல் பாயிண்டும் பேசுவார்கள். அது கூட்டுறவுச் சங்கம், உறுப்பினர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டு சேர்ந்த விதி. இங்கே ஃபிளாட் அவரவர் கிரயம் வாங்கிய சொத்து. அதை யாருக்கு விற்பது என்பது சொந்தக்காரர் இஷ்டம். பத்திரப் பதிவைத் தடுக்க அசோசியேஷனுக்கு அதிகாரம் இல்லை. இல்லாததால்தான் ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தை இழுத்தடிப்பது, ஸ்கூட்டர் நிறுத்த இடம் இல்லை என்பது, தண்ணீர் மோட்டார் நேரத்தை மாற்றுவது என்று சில்லறை விஷமங்கள் நடக்கின்றன.

இதில் நஷ்டம் யாருக்கு? மகள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அவசரமாக விற்க வரும் சொந்தக்காரருக்குத்தான். பத்துப் பேர் விலை கேட்க வேண்டிய வீட்டை இரண்டு பேர்தான் கேட்பார்கள் என்றால் விலை என்ன ஆகும்? இன்று கதவை அடைக்கும் செக்ரட்டரி, நாளை தன் வீட்டை விற்கும்போது அதே கதவில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

புதிய சட்டம் வந்த பிறகு அயலாரோடு பேச்சு வார்த்தை இல்லாமல் காலம் தள்ளவும் முடியாது. 2022ம் வருஷத்து தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் அமலுக்கு வந்தது. பழைய கட்டிடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு சொந்தக்காரர்கள் சம்மதித்தால் போதும் என்கிறது அது. அதாவது 8 வீட்டில் 6 கையெழுத்து. முன்பு ஒருவர் முரண்டு பிடித்தாலும் கட்டிடம் அப்படியே நின்று உளுத்தது. மண்ணுக்கு ஒன்றரை மடங்கு என்ற கணக்கில் கட்டிய வீடுகளுக்கு, 2019 விதிகளில் 2 மடங்கு வரை இடம் இருக்கிறது. சாலை அகலமும் மற்ற நிபந்தனைகளும் ஒத்து வந்தால் அதே 2 கிரவுண்டில் 7,200 சதுர அடி 9,600 ஆகலாம். அந்த ஆறு கையெழுத்தில் பாய் கையெழுத்தும் ஐயர் கையெழுத்தும் ஹெட்மாஸ்டர் கையெழுத்தும் வேண்டும். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனவருக்கு யார் போடுவார்கள்?

கடைசியாக அரசுக்கு ஒரு விஷயம். 2023 டிசம்பர் 1 முதல் புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வை குறைக்கப்பட்டது. 50 லட்சம் வரை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம். கைமாறும் பழைய ஃபிளாட்டுக்கோ அதே 7 சதவீதம்தான். பதிவுக் கட்டணம் 2 சதவீதம் இருவருக்கும் உண்டு. 45 லட்சத்துக்குப் புது வீடு வாங்குபவர் கட்டுவது 2 லட்சத்து 70 ஆயிரம். அதே 45 லட்சத்துக்குப் பழைய வீடு வாங்கும் கடைக்காரரோ குமாஸ்தாவோ கட்டுவது 4 லட்சத்து 5 ஆயிரம்!

புது வீடு எட்டாமல்தானே அவர் பழைய வீட்டைத் தேடி வருகிறார்? வித்தியாசம் 1 லட்சத்து 35 ஆயிரம். துருப்பிடித்த தண்ணீர்க் குழாயை மாற்றவும், பெயர்ந்த காரையைப் பூசவும் வைத்திருந்த பணம் அது. பதிவுத்துறை இந்தச் சலுகையைப் பழைய ஃபிளாட்டுக்கும், 50 லட்சத்துக்கு உட்பட்டவற்றுக்காவது, கொடுக்க வேண்டும்.