கலஹாரியில் ஒரு நீச்சல் குளம்

போன வாரம் வகுப்பு இடைவேளையில் நண்பன் ஒருவன் கைபேசியை நீட்டி ஒரு படம் காட்டினான். கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த புல். நடுவில் மரத்தளம் போட்ட கூடாரம், வெள்ளை விரிப்பு போட்ட கட்டில், வாசலில் குட்டியாக ஒரு நீச்சல் குளம். குளத்துக்கு அந்தப் பக்கம் ஈட்டி மாதிரி கொம்போடு ஒரு மான். கீழே "மனிதக் காலடி படாத கலஹாரி" என்று போட்டிருந்தது. "சாகறதுக்குள்ள இங்க ஒரு ராத்திரி தங்கிடணும்டா" என்றான்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஜொள்ளு வழிந்தது. ராத்திரி அறைக்கு வந்து அந்த இடத்தைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்து முடித்தபோது அந்த "மனிதக் காலடி படாத" என்ற மூன்று வார்த்தைகள் மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இடம். போட்ஸ்வானா நாட்டின் நட்டநடுவில் இருக்கிறது மத்திய கலஹாரி விலங்குக் காப்பகம். சுமார் 52,800 சதுர கிலோமீட்டர், அதாவது சுவிட்சர்லாந்தை விடப் பெரியது. 1961-ல் பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில் உருவானது. பெயரில்தான் விலங்கு. அதற்கான பரிந்துரையைச் செய்த சில்பர்பாயர் என்ற அதிகாரி மானிடவியல் படித்தவர், அங்கே வாழ்ந்த சான் மக்களை ஆராய்ந்தவர். அந்த மக்கள் தங்கள் நிலத்தில் தங்கள் வழியில் வாழ இடம் வேண்டும் என்பதும் காப்பகத்தின் நோக்கங்களில் ஒன்று. ஆக, காலடி படாத நிலம் இல்லை அது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் மிகப் பழைய குடிகளின் காலடி ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பட்டுக்கொண்டிருந்த நிலம்.

அங்கிருக்கும் ஒரு இனத்தின் பெயர் குய். தமிழில் சரியாக எழுத முடியாது. நாம் யாருக்காவது கஷ்டம் என்றால் நாக்கால் "ச்சு" கொட்டுவோமே, அந்த ஒலி அவர்கள் பெயருக்குள்ளேயே ஒரு மெய்யெழுத்தாக உட்கார்ந்திருக்கிறது. (நாம் பரிதாபப்படும்போது மட்டும் உபயோகிக்கும் ஒலியில் அவர்கள் சண்டை போடுவார்கள், ஜோக் அடிப்பார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்தது.)

இப்போது தண்ணீர். விஷயமே இதுதான். மத்திய கலஹாரியில் ஆறு கிடையாது. ஆறு ஓடிய பள்ளத்தாக்குகள் உண்டு, எல்லாம் எப்போதோ வற்றியவை. மழைக்காலத்தில் சில பள்ளங்களில் நீர் தேங்கும், அப்புறம் அதுவும் போய்விடும். மற்ற மாதங்களில் காட்டுத் தர்பூசணி, நீர் கோத்த கிழங்கு, ஈர மணலைத் தோண்டி நாணல் வைத்து உறிஞ்சுவது, தீக்கோழி முட்டை ஓட்டில் நிரப்பிப் புதைத்து வைப்பது என்று அவர்கள் சமாளித்தார்கள். பின்னாளில் மொதொமெலோ என்ற ஊரில் ஒரு ஆழ்துளைக் கிணறு வந்தது. சுற்றியிருந்த குடியிருப்புகளுக்கெல்லாம் அதுதான் தண்ணீர்.

1997-ல் அரசாங்கம் மக்களைக் காப்பகத்துக்கு வெளியே கொண்டுபோய்ப் புது முகாம்களில் வைக்க ஆரம்பித்தது. கொஞ்சம் பணம், சில மாடுகள் இழப்பீடு. சிலர் போக மாட்டேன் என்று உள்ளேயே இருந்தார்கள். 2002-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? மொதொமெலோ கிணற்றின் பம்பைக் கழற்றினார்கள். சேமித்து வைத்திருந்த தண்ணீரையும் கொட்டினார்கள். பாலைவனத்தில் ஒருவனைக் கிளப்ப போலீஸ் எதற்கு, குழாயை மூடினால் போதாதா?

மக்கள் வழக்குப் போட்டார்கள். அது நான்கு வருடம் இழுத்தது. தீர்ப்புக்குள் மனுதாரர்களில் பலர் இறந்தே போனார்கள். 2006 டிசம்பர் 13-ம் தேதி மூன்று நீதிபதிகளில் இருவர், அந்த நாட்டு உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான யூனிட்டி டவ் உட்பட, அவர்களை வெளியேற்றியது சட்டவிரோதம் என்றார்கள். ஆனால் தண்ணீர் முதலிய வசதிகளைத் திரும்பத் தரவேண்டிய கடமை அரசுக்கு இல்லை என்றும் தீர்ப்பு வந்தது. அரசு இந்த இடுக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. தீர்ப்பு மனுவில் பெயர் உள்ள 189 பேருக்கு மட்டும்தான் என்றது. மற்றவர்கள் உள்ளே போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனால் அப்பன் வீட்டுக்குப் போக அவனுக்கும் சீட்டு. கிணற்றைத் திறக்கவும் விடவில்லை. எங்கள் சொந்தச் செலவில் நாங்களே திறந்துகொள்கிறோம் என்று கேட்டும் விடவில்லை.

இதே சமயத்தில், 2009-ல், அதே காப்பகத்துக்குள், நீச்சல் குளத்தோடு ஒரு சொகுசு முகாம் திறக்கப்பட்டது. அரசு அனுமதியோடு. விலங்குகள் குடிக்கவும் உள்ளே ஆழ்துளைக் கிணறுகள் போடப்பட்டன. மான் குடிக்கலாம், டூரிஸ்ட் குளிக்கலாம். அங்கேயே பிறந்தவர்கள் மட்டும் காப்பகத்துக்கு வெளியே போய்த் தண்ணீர் சுமந்து வரவேண்டும்.

2010 ஜூலையில் உயர் நீதிமன்றம் இந்தத் தண்ணீர் வழக்கையும் தள்ளிவிட்டது. வசதியில்லாத இடத்தில் போய் நீங்களே உட்கார்ந்துகொண்டு அவதிப்படுகிறீர்கள் என்கிற ரீதியில் போனது தீர்ப்பு. சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூலை 28 அன்று, சுத்தமான தண்ணீர் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது! 2011 ஜனவரியில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் சேர்ந்து, அந்த மக்கள் நடத்தப்பட்ட விதம் மனிதர்களை இழிவுபடுத்துவது என்று சொல்லி, கிணற்றைப் பயன்படுத்தும் உரிமையைக் கொடுத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒன்பது வருடம். அதில் கடைசி ஒரு வருடத்துக்கும் மேலாகக் குளத்தில் தண்ணீர் இருந்தது.

இதை நண்பனிடம் சொன்னேன். "மச்சி, மனுஷன் இருந்தா மிருகம் அழிஞ்சிடும், அதான் கிளப்பியிருப்பாங்க" என்றான். அரசாங்கமும் இதைத்தான் சொன்னது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்புறம் ஏன் 2014-ல் அதே காப்பகத்துக்குள் ஒரு வைரச் சுரங்கம் திறந்தார்கள்? வில்லும் அம்பும் வைத்திருப்பவனால் காட்டுக்கு ஆபத்து, சுரங்கத்து லாரியால் ஆபத்து இல்லையா? அதே 2014-ல் நாடு முழுக்க வேட்டைக்குத் தடை வந்தது. தனியார் பண்ணைகளில் காசு கட்டிச் சுடுபவர்களுக்கு மட்டும் விலக்கு.

இன்னொரு வாதம் கொஞ்சம் யோசிக்க வைப்பது. போட்ஸ்வானாவின் சுற்றுலாக் கொள்கையே கூட்டம் குறைவு, கட்டணம் அதிகம் என்பதுதான். ஒரு இரவுக்குப் பல நூறு டாலர். கொஞ்சம் பேர் வந்தால் காடு பாழாகாது, வருகிற பணத்தில் காட்டைக் காக்கலாம், உள்ளூர்க்காரர்களுக்கு வேலையும் கிடைக்கும். காட்டுக்கு இது நல்லதாகவே இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலை என்ன என்று பாருங்கள். காலையில் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு ஒரு சான் வழிகாட்டி நடப்பார். தோல் உடை உடுத்திக்கொண்டு குச்சியைக் கடைந்து தீ மூட்டுவார், கண்ணி வைப்பார், தண்ணீர்க் கிழங்கைத் தோண்டிக் காட்டுவார். எல்லோரும் கைதட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். நிஜமாகவே கண்ணி வைத்து ஒரு மானைப் பிடித்தால் அவரைப் பிடித்து உள்ளே போடுவார்கள். டூரிஸ்டுக்கு நடித்துக் காட்டினால் கலாச்சாரம், தன் பிள்ளைக்குச் செய்தால் குற்றம்!

அங்கே தங்குபவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நட்சத்திரம் பார்க்கவும் சிங்கத்தின் குரல் கேட்கவும்தான் போகிறார்கள். என் கோபம் அந்த விளம்பர வரி மேல். "யாரும் இல்லாத இடம்" என்பது இயற்கையாகக் கிடைத்தது இல்லை, பம்பைக் கழற்றித் தயாரித்தது. தயாரித்த வெறுமையைத்தான் இரவுக்கு இவ்வளவு என்று விற்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. 2021 டிசம்பரில் சான் முதியவர் ஒருவர் இறந்தார். தன் முன்னோர் மண்ணில், காப்பகத்துக்குள் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அரசு அனுமதிக்கவில்லை. நீதிமன்றங்களும் முடியாது என்றன. குடும்பம் வேறு இடத்தில் புதைக்க மறுத்துவிட்டது. உடல் பிணவறையிலேயே கிடந்தது. 2024 நவம்பரில் டுமா போகோ அதிபரானார். முன்பு இதே சான் மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அவர். அவர் வந்த பிறகுதான் அனுமதி கிடைத்து, அந்த ஆண்டுக் கடைசியில் அவரைப் புதைத்தார்கள். அந்த மூன்று வருடமும் நண்பன் காட்டிய படத்தில் உள்ள மாதிரிக் கூடாரங்களில் யார் யாரோ பணம் கட்டித் தங்கிவிட்டுப் போயிருப்பார்கள். படத்தை அவனுக்கே திருப்பி அனுப்பி, கூடவே இந்தக் கதையையும் அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.