மஞ்சள் லைட் 3 விநாடி: பைக்குக்கு ஓகே, டிரெய்லருக்கு?

காமராஜர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள், அனல்மின் நிலையத்தின் சாம்பல் லாரிகள், நடுவுல ஷிஃப்ட்டுக்குப் பறக்கும் பைக்குகள். அத்திப்பட்டு பக்கம் ரோடு இப்படித்தான். இங்கே ஒரு சிக்னலில் மஞ்சள் எத்தனை விநாடி எரியணும்?

பல இடங்களில் 3 விநாடிதான் வழக்கம். 50 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி சுமார் 42 மீட்டர் போகும். கார் என்றால், டிரைவர் சுதாரிக்க 1 விநாடி சேர்த்தாலும் 46 மீட்டரில் நின்றுவிடும். பெரிய சிக்கல் இல்லை.

லோடு டிரெய்லருக்கு அதில் பாதி வேகத்தில்தான் பிரேக் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 78 மீட்டர் வேணும். மஞ்சள் விழும்போது அது கோட்டுக்கு 60 மீட்டர் முன்னால் இருந்தால்? நிற்கவும் முடியாது, சிவப்புக்குள் கோட்டைத் தாண்டவும் முடியாது. டிரைவர் மேல தப்பே இல்லை. கஸிஸ், ஹெர்மன், மராடூடின் மூவரும் 1960-லேயே இந்த இக்கட்டைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

கோட்டைத் தாண்டினாலும் ஆபத்து முடியலை. 16 மீட்டர் நீள டிரெய்லர், 20 மீட்டர் அகல சந்திப்பை 20 கி.மீ. வேகத்தில் கடக்க ஆறரை விநாடி ஆகும். அதுவரை எல்லாப் பக்கமும் சிவப்பா இருக்கணும். ஆனால் குறுக்கு ரோட்டில், கவுன்ட்டவுனில் 3 தெரிஞ்சதுமே பைக் கிளம்பிடுமே! சிவப்பை ரொம்ப நீட்டினால் வேற வம்பு: 'இன்னும் டைம் இருக்கு' என்று புகுந்துவிடுவார்கள்.

இதைவிட, சந்திப்புக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வைப்பதுதான் பலன் தரும். 30 கி.மீ.யில் வந்தால் அதே டிரெய்லர் சுமார் 32 மீட்டரில் நின்றுவிடும். 3 விநாடியில் 25 மீட்டர் போகும். 36 மீட்டர் இருந்த இக்கட்டு 7 மீட்டராகச் சுருங்கிடும்.