‘வசதிக் குறை’ என்ற சொல்

காரின் உட்புறப் பாகங்களைப் பற்றிய புகார்கள் பணிமனையின் ஜாப் கார்டில் பெரும்பாலும் கடைசி வரிகளில்தான் இடம்பெறுகின்றன. பிரேக் சத்தம், இன்ஜின் அதிர்வு, ஆயில் கசிவு எல்லாம் எழுதி முடித்த பிறகு ‘சாவி லூசாக இருக்கிறது’, ‘ஜன்னல் ஸ்விட்ச் ஒட்டுகிறது’, ‘சீட் ஆடுகிறது’ என்று ஒரு வரி சேரும். டெலிவரிக்கு நேரமாகிவிட்டால் முதலில் விட்டுப்போவதும் அந்த வரிதான். இவையெல்லாம் வசதி சார்ந்த குறைகள், அடுத்த சர்வீசில் பார்த்துக்கொள்ளலாம் என்பது தொழிலில் ஊறிய பழக்கம். ஆனால் ஓட்டுநரின் கையும் காலும் காரைத் தொடுவது இந்தப் பாகங்களில் மட்டும்தான். ஒரு பாகம் கேபினுக்குள் இருக்கிறது என்பதால் அதன் குறை வசதிக் குறையாகிவிடாது. வண்டி ஓடும்போது அது கெட்டால் ஓட்டுநர் எதை இழப்பார் என்ற கேள்வியைக் கொண்டே அதை வகைப்படுத்த வேண்டும்.

அந்த வகைப்பாடு பிசகியதன் விளைவு மிக விரிவாகப் பதிவாகியிருப்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இக்னிஷன் ஸ்விட்ச் விவகாரத்தில். சாட்டர்ன் அயான், ஷெவ்ரோலே கோபால்ட் முதலிய சிறிய கார்களுக்காக டெல்ஃபை நிறுவனம் செய்து தந்த ஸ்விட்ச் அது. சாவி ‘ரன்’ நிலையில் நிலைத்து நிற்க, உள்ளே ஸ்பிரிங் தள்ளும் ஒரு சிறு முளை அதற்குரிய பள்ளத்தில் அழுத்தமாக அமர வேண்டும். அந்த இடத்தைவிட்டு நகர்த்தக் குறைந்தது 15 நியூட்டன்-சென்டிமீட்டர் முறுக்குவிசை வேண்டும் என்பது நிறுவனமே வகுத்த அளவு. செய்து வந்த ஸ்விட்சுகள் அந்த அளவை எட்டவில்லை. எட்டாத நிலையிலேயே 2002-இல் அவற்றுக்கு ஒப்புதல் தரப்பட்டது. கனமான சாவிக்கொத்து, மேடுபள்ளமான சாலை, ஓட்டுநரின் முழங்கால் பட்ட இடி என ஏதாவது ஒன்றே போதும், சாவி ‘ஆக்சசரி’ நிலைக்குத் திரும்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் இன்ஜின் நின்றுபோகும். ஸ்டீயரிங் கனக்கும், பிரேக்குக்குக் கிடைக்கும் பூஸ்டர் உதவி தீர்ந்துபோகும். ஏர்பேக்கை வெடிக்கச் சொல்லும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் மின்சாரம் நின்றுவிடும்.

உயிரைப் பறித்தது கடைசியாகச் சொன்ன இழப்பு. அதைத்தான் நிறுவனத்தின் பொறியாளர்கள் பல ஆண்டுகள் மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்கவில்லை. வழக்கறிஞர் ஆன்டன் வலுகாஸ் நடத்திய விசாரணையின் அறிக்கை 2014 ஜூனில் வெளியானது. இன்ஜின் நின்றுபோவது ‘வாடிக்கையாளர் வசதி’ என்ற தலைப்பின் கீழ் வைக்கப்பட்டிருந்ததை அது விரிவாகக் காட்டுகிறது. இன்ஜின் நின்றாலும் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிட முடியும் என்பது பொறியாளர்களின் கணக்கு. அந்தத் தலைப்பு ஒட்டியதும் குறைக்கான தீர்வும் அதற்கேற்பச் சுருங்கிவிட்டது. 2005 டிசம்பரில் டீலர்களுக்குப் போன சுற்றறிக்கை, சாவிக்கொத்தில் தேவையில்லாதவற்றைக் கழற்றிவிடும்படி வாடிக்கையாளர்களிடம் சொல்லச் சொன்னது. புகாரோடு வந்தவர்களுக்குச் சாவித்தலையின் நீள்துளையைச் சிறு துளையாக்கும் ஒரு செருகியும் கிடைத்தது. ஏர்பேக் விரியாத விபத்துகளை ஆராய்ந்தவர்களோ ஏர்பேக் அமைப்புக்குள்ளேயே காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தேடல் நீண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாகங்களைக் கையாளும் ஒவ்வொருவரும் அதை மனத்தில் வைத்திருக்க வேண்டும். 2006-இல் முளையையும் ஸ்பிரிங்கையும் நீளமாக்கி ஸ்விட்ச் திருத்தப்பட்டது, ஆனால் பார்ட் நம்பர் மாற்றப்படவில்லை. பழைய ஸ்விட்சும் புதிய ஸ்விட்சும் ஒரே எண்ணோடு கிடங்குகளில் கிடந்தன. பிந்தைய ஆண்டு கார்களில் சிக்கல் ஏன் குறைந்தது என்பது ஆவணங்களில் தேடியவர்களுக்குப் பிடிபடவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு மரணம் தொடர்பான வழக்கில், பாதிக்கப்பட்ட குடும்பத்தின் சார்பில் ஆய்வு செய்த தனிப் பொறியாளர் ஒருவர்தான் முடிச்சை அவிழ்த்தார். டீலரிடம் புதிய ஸ்விட்ச் ஒன்றை விலைக்கு வாங்கி, விபத்துக்குள்ளான காரின் ஸ்விட்சோடு பிரித்துவைத்துப் பார்த்ததில் முளையின் உயர வேறுபாடு தெரிந்தது. ஸ்குரூ டிரைவரும் அளவுகோலும் கொண்டு ஒரு மேசையில் செய்யக்கூடிய வேலை அது. 2014 பிப்ரவரியில் தொடங்கிய திரும்ப அழைப்பு சுமார் 26 லட்சம் வண்டிகளை எட்டியது. இழப்பீட்டு நிதியம் 124 மரணங்களை அந்த ஸ்விட்சோடு தொடர்புள்ளவையாக ஏற்றது.

தரை மேட்டின் கதை வேறு வகை. அங்கே பாகத்தில் உற்பத்திக் குறை எதுவும் தேவைப்படவில்லை, தவறான காரில் போடப்பட்டதே போதுமாக இருந்தது. 2009 ஆகஸ்ட் 28 அன்று கலிஃபோர்னியாவில் சான் டியாகோவுக்கு அருகே சான்டீயில், சர்வீசுக்கு விட்ட வண்டிக்கு மாற்றாக டீலர் கொடுத்த லெக்சஸ் இஎஸ் 350 கார் கட்டுக்கடங்காமல் ஓடி நொறுங்கியது. அதிலிருந்த நால்வரும் இறந்தனர். அந்தக் காரில் வேறொரு மாடலுக்கான கனமான ரப்பர் மேட் கிடந்தது, அதன் கொக்கிகளும் மாட்டப்படவில்லை. மேட்டின் விளிம்பில் ஆக்ஸிலரேட்டர் மிதி சிக்கிக்கொண்டது. த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கும்போது பிரேக் பூஸ்டருக்குப் போதிய வெற்றிடம் கிடைக்காது. பதற்றத்தில் பிரேக்கை இரண்டு மூன்று முறை விட்டுவிட்டு அழுத்தினால் சேமிப்பில் இருந்ததும் தீர்ந்து, மிதி கல்லாகிவிடும். சில நாட்களுக்கு முன் அதே காரை எடுத்துச்சென்ற வேறொருவருக்கும் மிதி இப்படியே சிக்கியிருக்கிறது. அவர் எப்படியோ வண்டியை நிறுத்தி, மேட்டை ஒதுக்கி, திருப்பிக் கொடுக்கும்போது முன்மேசையில் இருந்தவரிடம் சொல்லிவிட்டும் போயிருக்கிறார். சொன்னது மெக்கானிக்கின் கைக்கு வந்து சேரவில்லை.

டொயோட்டா அந்த இலையுதிர் காலத்தில் சுமார் 38 லட்சம் கார்களின் உரிமையாளர்களுக்கு மேட்டை அகற்றிவிடும்படி அறிவித்தது. பின்னர் மிதிகளின் நீளம் குறைக்கப்பட்டது, பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஒன்றாக அழுத்தப்பட்டால் இன்ஜினை அடக்கும் மென்பொருள் சேர்க்கப்பட்டது. மின்னணுக் கோளாறுதான் காரணம் என்ற சந்தேகத்தை நாசா பொறியாளர்களைக் கொண்டு ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, 2011 பிப்ரவரியில் அதற்குச் சான்று இல்லை என்று அறிவித்தது. எஞ்சிய காரணங்கள் சிக்கும் மேட்டும் மெதுவாகத் திரும்பும் மிதியும்தான். தமிழ்நாட்டுப் பணிமனைகளில் இந்த நிலை அன்றாடம் காணக்கூடியது. கம்பெனி மேட்டின் மேல் 3டி மேட், அதன் மேல் மழைக்காலத்துக்கு ஒரு ரப்பர் மேட் என்று அடுக்கிய வண்டிகள் எத்தனையோ வருகின்றன. கழுவிய பிறகு மேட்டைத் தலைகீழாகவோ கொக்கி மாட்டாமலோ வீசிவிட்டுப் போவது வாஷிங் பகுதியில் நடக்கிறது. அங்கே வேலை செய்பவருக்கு இந்த விபத்தைச் சொல்லித்தராத பணிமனை தன் கடமையில் பாதியைத்தான் செய்கிறது. ஓட்டுநர் பக்கம் ஒரே மேட், இரண்டு கொக்கியும் மாட்டியது, மிதியை முழுக்க அழுத்திவிட்டால் தடையின்றி மேலே வருவது என்ற மூன்றையும் சோதிக்க அரை நிமிடம் ஆகாது.

கதவிலுள்ள பவர் விண்டோ ஸ்விட்ச் மேலும் அற்பமாகத் தோன்றும். 2012 அக்டோபரில் டொயோட்டா உலகமெங்கும் 74.3 லட்சம் வண்டிகளை அதற்காகவே திரும்ப அழைத்தது. உற்பத்தியின்போது ஸ்விட்சுக்குள் கிரீஸ் சீராகப் பூசப்படாததால் அது உராய்ந்து ஒட்டத் தொடங்கியது. ஒட்டுகிறதே என்று கடையில் கிடைக்கும் சாதாரண லூப்ரிகன்ட்டை அடித்தால் ஸ்விட்ச் உருகிப் புகையலாம் என்று நிறுவனமே எச்சரித்தது. ஸ்ப்ரே கேனை எடுத்து இரண்டு முறை அடித்து, ‘சரியாகிவிட்டது’ என்று வண்டியை அனுப்பும் கை வேகம் இங்கே ஆபத்தாக மாறுகிறது. உரிய தீர்வு, ஸ்விட்சைத் திறந்து பார்த்து ஃபுளோரின் கிரீஸ் பூசுவது. ஹோண்டா 2010 ஜனவரியில் ஜாஸ், சிட்டி முதலிய சுமார் 6.46 லட்சம் கார்களை அழைத்ததும் இதே ஸ்விட்சுக்காகத்தான். அங்கே காரணம், திறந்த ஜன்னல் வழியாக உள்ளே இறங்கிய நீர். தென்னாப்பிரிக்காவில் அப்படித் தீப்பிடித்த காரில் ஒரு குழந்தை இறந்திருந்தது. இந்தியாவில் விற்ற சிட்டி கார்களும் அந்த அழைப்பில் இருந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து வரும் வண்டிகளில் கதவு ஸ்விட்சைக் கழற்றி உலர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமான வேலைகளில் சேரத் தகுந்தது.

பணிமனையே குறையை உண்டாக்கும் இடங்களும் உண்டு. 2014-இல் கிரைஸ்லர் சுமார் 8.95 லட்சம் ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் டுராங்கோ வண்டிகளை அழைத்தது சன் வைசரில் இருக்கும் கண்ணாடி விளக்கின் வயருக்காக. பழுதுபார்த்துத் திரும்பப் பொருத்தும்போது வயர் இடம் மாறி அமர்ந்தால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்க வாய்ப்பிருந்தது. சீட்டின் தண்டவாளங்களும் இப்படித்தான். கார்பெட் வேலைக்காகக் கழற்றிய சீட்டைத் திரும்ப வைக்கும்போது இரு பக்கத் தண்டவாளமும் ஒரே பல்லில் நிற்காவிட்டால் ஒரு பக்கம் மட்டுமே பூட்டும். அழுத்தமான பிரேக்கில் காலின் எதிர்விசையே சீட்டைப் பின்னுக்குத் தள்ளும், கால் மிதியை விட்டு விலகும். சீட்டில் உட்கார்ந்து இரு காலாலும் ஃபயர்வாலை உதைத்துத் தள்ளிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை இல்லை. ஸ்டீயரிங்கைக் கழற்றியவர் ஸ்பைரல் கேபிளை நடுநிலையில் வைக்காமல் பூட்டினால், முழுத் திருப்பத்தில் அதன் நாடா அறுந்துவிடும். ஹாரன் அடிக்கவில்லை, ஏர்பேக் விளக்கு எரிகிறது என்ற இரண்டு புகாரும் ஒன்றாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கேபிளை. ஹாரன் ரிலேயை மாற்றிவிட்டு, ஏர்பேக் விளக்கை அணைக்க ரெசிஸ்டர் செருகுவது பழுதுபார்த்தல் ஆகாது. அந்த வண்டியில் உட்காரப்போகிறவரிடம் சொல்லும் பொய் அது.

அலங்காரத்துக்காகச் சேர்ப்பவற்றில் சீட் கவரே முதல் கவலை. பக்கவாட்டு ஏர்பேக் பல கார்களில் சீட்டின் கதவோரத் தையலைக் கிழித்துக்கொண்டு வெளிவருவது. அந்த இடத்தை இறுகத் தைத்து மூடிய கவர் அதைத் தாமதப்படுத்தும் அல்லது திசை மாற்றும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் மற்ற ஊர்களிலும் கவர் மாட்டிய வண்டி சர்வீசுக்கு வரும்போது, அந்தத் தையல் பலவீனமாக விடப்பட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு மெக்கானிக்குக்கு உண்டு. டேஷ்போர்டில் பிள்ளையாரை வைப்பவரிடம், ஏர்பேக் மூடியை விட்டு விலகி வைக்கச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலியை ஏமாற்றும் கிளிப்புகள் வேறு வகை. அவற்றின் பயனே கேடுதான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதத்தில் 5 இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவிட்டதில் 13,118 விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டன. வண்டியில் கிளிப் கண்டால் கழற்றி உரிமையாளரிடம் விளக்க வேண்டும்.

தகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக் பற்றித் தனியே நிறைய எழுதப்பட்டுவிட்டது. கடலோரப் பணிமனைகளுக்கு ஒன்று மட்டும் பொருந்தும். ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்காத அமோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து, விரியும்போது உலோக உறையையே சிதறடித்தது. அமெரிக்காவில் ஃபுளோரிடா போன்ற வெப்ப ஈர மாநிலங்களின் வண்டிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது அதனால்தான். அதே தட்பவெப்பத்தில் ஓடும் பழைய கார் சர்வீசுக்கு வந்தால், சேசிஸ் எண்ணைக் கொண்டு நிலுவையில் உள்ள அழைப்பு உண்டா என்று பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குவது நல்லது.

இந்தியாவில் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 2019-இன் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளில் வரும் புகார்களின் எண்ணிக்கை, ஆண்டு விற்பனையோடு ஒப்பிடப்படுகிறது. ஓடும்போது இன்ஜின் நின்றதை ‘சாவி லூஸ்’ என்று எழுதினால் அந்தக் கணக்கில் அது ஏறாது. வண்டி எந்த வேகத்தில் இருந்தது, சாவியில் எவ்வளவு கனம் தொங்கியது, எந்த விளக்குகள் எரிந்தன என்று ஓட்டுநர் சொன்னபடியே எழுதுவது வேண்டும். கழற்றிய பாகத்தின் எண்ணோடு அதன் மேலுள்ள தயாரிப்புத் தேதியையும் குறிக்க வேண்டும், சந்தேகத்துக்குரிய பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடாமல் பெயரெழுதி வைக்க வேண்டும். மாற்று வண்டியோ டெஸ்ட் டிரைவ் வண்டியோ திரும்பி வரும்போது முன்மேசையில் வாய்வழி சொல்லப்படும் குறைக்கும் ஒரு ஜாப் கார்டு திறக்கப்பட வேண்டும், மெக்கானிக் பார்த்துக் கையெழுத்திடும்வரை அந்த வண்டியின் சாவி அடுத்தவர் கைக்குப் போகக் கூடாது.